டி12 முறிவு: அம்மாவுக்கு எலும்பு சிமெண்ட் வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பொன்னேரி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. மூன்று வாரத்துக்கு முன் திருத்தணி போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் கடைசி சீட்டுதான் கிடைத்தது. வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது அம்மா சீட்டை விட்டு எழும்பி 'தொம்' என்று விழுந்தார். அப்போதே நடு முதுகில் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு எப்படியோ வந்துவிட்டார். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

எக்ஸ்ரேயில் டி12, அதாவது நெஞ்சுப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு, முன்பக்கமாக நசுங்கியிருக்கிறது என்றார்கள். கூடவே இடுப்புப் பகுதியிலுள்ள எல்3-யும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறதாம். எலும்பு டாக்டர் பெல்ட், வலி மாத்திரை, ஓய்வு என்றார். இன்னொரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். எக்ஸ்ரேயைப் பார்த்த உடனேயே, "இரண்டு எலும்புக்கும் சிமெண்ட் வைத்துவிடலாம், மறுநாளே நடப்பார்கள்" என்று பேக்கேஜ் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நசுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்டைச் செலுத்துவார்களாம். அம்மாவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

படுத்திருக்கும்போது வலி அவ்வளவாக இல்லை. புரண்டு படுத்தாலோ எழுந்து உட்கார்ந்தாலோ கத்துகிறார். டிரமடால் என்ற வலி மாத்திரை கொடுத்தால் வாந்தி. சர்க்கரை உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். என்ன செய்யலாம்?

சரவெடி

யோசிக்காதீங்க அண்ணா. என் மாமனாருக்கு இதேதான். காலையில் ஊசி போட்டாங்க, சாயந்திரம் காபி கேட்டு எழுந்து உட்கார்ந்துட்டார். பெரியவங்களை வலியோடு படுக்க வைக்கிறது பாவம்.

கணக்கு வாத்தியார்

சரவெடி சார் மன்னிக்கவும், ஒரு மாமனாரை வைத்து முடிவு கட்ட முடியாது. 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று ஆஸ்திரேலியாவில் 78 பேரிடம் நடந்தது. இன்னொன்று அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சேர்த்து 131 பேரிடம் நடந்தது. பாதிப் பேருக்கு உண்மையான சிமெண்ட். மீதிப் பாதிக்கு வெறும் நாடகம்: மரத்துப்போகும் ஊசி போட்டு, முதுகைத் தட்டி, சிமெண்ட் குழைக்கும் வாடைகூட அறையில் வரும்படி செய்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. முடிவில் இரண்டு பக்கமும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது.

அதாவது மறுநாள் காபி கேட்பவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 2018-இல், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வும் இதை வழக்கமான சிகிச்சையாகச் செய்ய ஆதாரம் இல்லை என்றே சொன்னது. எலும்பு முறிவு தானாகவே ஆறும். பொறுத்திருங்கள்.

கதிரியல்

நான் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட், இந்த ஊசியைப் போடுகிற ஆள். இதில் எனக்கு ஆதாயம் உண்டு என்று வாத்தியார் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது பொதுவான விவரம்தான். உங்கள் அம்மாவை நேரில் பார்க்கிற டாக்டர் சொல்வதே கணக்கு.

முதலில் அந்த மருத்துவமனை விஷயம். எக்ஸ்ரேயை மட்டும் வைத்துக்கொண்டு சிமெண்ட் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நசுங்கிய எலும்பு எக்ஸ்ரேயில் தெரியும், எப்போது நசுங்கியது என்பது தெரியாது. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு நோயாளிக்கே தெரியாமல் நடந்து முடிகிறது, "கொஞ்ச நாளாக முதுகு பிடித்திருந்தது" என்பதோடு போய்விடும். எல்3 அப்படி எந்தக் காலத்திலோ நசுங்கி ஆறிப்போனதாக இருக்கலாம். ஆறிய எலும்பில் சிமெண்ட் வைத்து ஒரு பயனும் இல்லை.

ஆகவே எம்.ஆர்.ஐ. வேண்டும், அதில் ஸ்டிர் என்ற வரிசை கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் படத்தில் கொழுப்பின் வெளிச்சத்தை அணைத்துவிடுவார்கள், நீர் கோத்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். புது முறிவு உள்ள எலும்பு பளிச்சென்று வெளுத்திருக்கும். ஆறியது பக்கத்து எலும்புகளைப் போலவே கருத்திருக்கும்.

இரண்டாவது, கை. அம்மாவை உட்கார வைத்தோ ஒருக்களித்துப் படுக்க வைத்தோ முதுகெலும்பின் முள்ளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கை முஷ்டியால் லேசாகத் தட்டியும் பார்ப்போம். படத்தில் வெளுத்த எலும்பும் தட்டினால் முகம் சுளிக்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். படம் டி12 என்கிறது, நோயாளி இடுப்புக்குக் கீழே பிட்டத்தைக் காட்டுகிறார் என்றால் நான் ஊசியை எடுக்க மாட்டேன். அது சாக்ரம் எலும்பின் விரிசலாக இருக்கலாம், பின்மூட்டு வலியாக இருக்கலாம்.

படுத்தால் குறைவு, புரண்டால் எழுந்தால் உயிர் போகிறது என்று நீங்கள் எழுதியது முறிவு வலியின் குணம்தான். படுத்திருந்தாலும் ராத்திரியெல்லாம் குடைகிறது, மாலையில் காய்ச்சல், எடை குறைகிறது என்றால் என் யோசனை வேறு பக்கம் போயிருக்கும். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

குளோபிடோக்ரெலை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டென்ட் வைத்த இதய டாக்டர் சொல்லாமல் யார் சொன்னாலும் நிறுத்த வேண்டாம்.

பிசியோ மதுரை

டாக்டர் படத்தைப் பார்த்துக்கொள்வார். அதுவரை அம்மாவை எழுப்பி உட்கார வைப்பது உங்கள் வேலைதானே, அதைச் சொல்கிறேன்.

கையைப் பிடித்து நேராகத் தூக்காதீர்கள். மல்லாந்து படுத்திருப்பவரை அப்படி இழுத்தால் முதுகு முன்னால் வளையும், நசுங்கிய எலும்பு மேலும் அமுங்கும். இரண்டு முழங்காலையும் மடக்கச் சொல்லுங்கள். தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் திரும்பும்படி பக்கவாட்டில் புரட்டுங்கள். பிறகு காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றிப் பக்கவாட்டிலேயே எழ வேண்டும். படுப்பதும் இதே வழியில், தலைகீழாக.

தரையில் பாய் வேண்டாம். இந்தியன் டாய்லெட் வேண்டாம். குனிந்து பெருக்குவது, குடம் தூக்குவது எதுவும் கூடாது. மலச்சிக்கல் வராமல் பாருங்கள். முக்கினால் வலி ஏறும், வலி மாத்திரைகளே மலத்தைக் கட்டிவிடும்.

பெல்ட் என்று எதை வாங்கினீர்கள்? இடுப்பு பெல்ட் டி12 வரை போய்ப் பிடிக்காது. அதற்கு ஆஷ் பிரேஸ் அல்லது டெய்லர் பிரேஸ் கேளுங்கள். எழுந்து நடக்கும்போது போட்டால் போதும்.

ஓய்வு என்றால் படுத்தே கிடப்பது இல்லை, இதை மட்டும் மறக்காதீர்கள். இந்த வயதில் ஒரு வாரம் படுத்தாலே தொடைச் சதை கரைந்துவிடும். வலி பொறுக்கும் அளவுக்குத் தினமும் நாலைந்து தடவையாவது எழுந்து நிற்கட்டும்.

பொன்னேரி

மிக்க நன்றி. நாங்கள் வாங்கியது இடுப்பு பெல்ட்தான்! நாளைக்கே மாற்றுகிறேன். எம்.ஆர்.ஐ.-க்கு வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். ஸ்டென்ட் இருந்தால் எடுக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களே?

கதிரியல்

இப்போதைய ஸ்டென்ட்டுகளுக்குத் தடையில்லை. ஸ்கேன் செய்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஸ்டென்ட் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பேஸ்மேக்கர்தான் சிக்கல், அதிலும் இப்போது பல வகைகளுக்கு எடுக்கலாம்.

லண்டன் வல்லை

எங்கட மாமிக்குப் பேஸ்மேக்கர் இருந்தது, பழைய மொடல். எம்.ஆர்.ஐ. எடுக்கேலாது என்று சொல்லிப்போட்டார்கள். அதற்குப் பதிலாக சி.ரி. ஸ்கேனும், எலும்பு ஸ்கேன் என்று ஒரு கதிரியக்க மருந்தை ஏற்றி எடுக்கிற படமும் எடுத்துத்தான் எந்த எலும்பு புதிதாக உடைந்தது என்று கண்டுபிடித்தார்கள். ஆகவே எம்.ஆர்.ஐ. ஏலாதவர்களுக்கும் வழி இருக்கிறது.

இங்கே பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு 2013-இல் இதற்கு ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. வெர்டிப்ரோபிளாஸ்டியும் (நேரே சிமெண்ட் செலுத்துவது) பலூன் கைபோபிளாஸ்டியும் (முதலில் பலூனால் எலும்பை விரித்துவிட்டுச் செலுத்துவது) செய்யலாம், ஆனால் ஆறாத புது முறிவு, நல்ல வலி மருந்து கொடுத்த பிறகும் கடும் வலி, அந்த வலி முறிந்த இடத்திலிருந்துதான் வருகிறது என்று கையாலும் படத்தாலும் உறுதி, இவ்வளவும் இருந்தால்தான். மாமியை வாட்டில் வைத்து முதலில் வலி மருந்துகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நாங்கள் "ஏன் இழுத்தடிக்கிறீர்கள்" என்று சண்டை பிடித்தோம். கடைசியில் செய்தார்கள், வலி பாதிக்கு மேல் இறங்கியது. முழுக்கப் போகவில்லை, அதையும் சொல்ல வேணும்.

கணக்கு வாத்தியார்

கதிரியல் டாக்டர், நீங்கள் நேர்மையாகப் பேசுகிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் 2009 ஆய்வுகளுக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. நாடக ஊசிக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றால் யாரைத் தேர்ந்தெடுத்து என்ன பயன்?

கதிரியல்

சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

2009-இன் இரண்டு ஆய்வுகளிலும் ஒரு வருடம் வரை பழைய முறிவுகளைச் சேர்த்துக்கொண்டார்கள். 131 பேரை வைத்து நடந்த அமெரிக்கக் குழுவின் ஆய்வில் பத்துக்கு மூன்று வலி இருந்தாலே போதும், எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. கட்டாயம் இல்லை. எங்களிடம் வருகிற ஆள் வேறு: இரண்டு மூன்று வாரம் ஆன முறிவு, வலி பத்துக்கு எட்டு, பாத்ரூம் போகவும் இரண்டு பேர் வேண்டும். அந்த ஆளைப் பற்றி 2009 அதிகம் சொல்லவில்லை.

அந்த ஆளை வைத்தே ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது, பெயர் வேப்பர், 2016-இல் லான்செட்டில் வந்தது. 120 பேர், எல்லோருக்கும் ஆறு வாரத்துக்குள் ஆன முறிவு, வலி ஏழு அல்லது அதற்கு மேல். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள். பதினான்காம் நாளில் வலி நாலுக்குக் கீழே இறங்கியவர்கள் சிமெண்ட் பக்கம் 44 சதவீதம், நாடக ஊசி பக்கம் 21 சதவீதம். நெஞ்சு முதுகும் இடுப்பு முதுகும் சேருமிடம், அதாவது டி11 முதல் எல்2 வரை உள்ள முறிவுகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. அசைவு அதிகமுள்ள இடம் அது.

இத்தோடு நிறுத்தினால் வாத்தியார் என்னை விடமாட்டார், விடவும் கூடாது. 2018-இல் நெதர்லாந்திலிருந்து வெர்டோஸ் 4 வந்தது. 180 பேர், அதுவும் புது முறிவுகள், அதுவும் நாடக ஊசி. வித்தியாசம் இல்லை என்றுதான் முடிவு. இரண்டும் ஏன் முரண்படுகின்றன என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. ஒரு காரணத்தை நான் நம்புகிறேன். வெர்டோஸில் நாடக ஊசி என்பது எலும்பு வரை போய் மரக்க மருந்தைச் செலுத்தியது. வேப்பரில் தோலுக்கடியில் மட்டும். எலும்பைச் சுற்றி மரக்க வைப்பதே ஒரு சிகிச்சைதான் என்றால், வெர்டோஸ் இரண்டு சிகிச்சைகளை ஒப்பிட்டிருக்கிறது. ஆனால் இது என் ஊகத்துக்குச் சாதகமான விளக்கம், நிரூபணம் ஆகவில்லை.

ஆகவே என் நிலை இது: முறிவு உள்ள எல்லோருக்கும் சிமெண்ட் வைத்தால் வாத்தியார் சொல்வது சரி. ஆறு வாரத்துக்குள், கடும் வலியில், மருந்து கேட்காமல் படுக்கையில் கிடக்கிற முதியவருக்கு மட்டும் என்றால் நான் சொல்வதற்கு இடம் இருக்கிறது. என்னிடம் அனுப்பப்படுகிறவர்களில் பெரும்பாலோரைச் செய்யாமல்தான் திருப்பி அனுப்புகிறேன்.

கணக்கு வாத்தியார்

தன் விளக்கம் "நிரூபணம் ஆகவில்லை" என்று ஊசி போடுகிறவரே எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன். சரி, ஆபத்துகளையும் சொல்லிவிடுங்கள். சிமெண்ட் கசியும் என்கிறார்களே?

கதிரியல்

கசியும். சி.டி. எடுத்துப் பார்த்தால் நிறையப் பேருக்குக் கொஞ்சமாவது கசிந்திருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கட்டட சிமெண்ட் இல்லை இது, பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற பிளாஸ்டிக், இடுப்பு மூட்டு மாற்றும்போது பயன்படுத்துகிற அதே பொருள். பொடியையும் திரவத்தையும் குழைத்து, பற்பசைப் பதம் வந்த பிறகுதான் தள்ள வேண்டும். தண்ணீராக இருக்கும்போது தள்ளினால் ரத்தக்குழாய்க்குள் போய் நுரையீரலை அடையும். பின்சுவரைத் தாண்டினால் தண்டுவடம். அதனால்தான் எக்ஸ்ரே திரையில் சொட்டுச் சொட்டாகப் பார்த்துக்கொண்டே தள்ளுகிறோம். எலும்பின் பின்பகுதியை நெருங்கினால் நிறுத்திவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் நிரப்பலாமே என்கிற ஆசைதான் ஆபத்து.

வேப்பர் ஆய்விலேயே சிமெண்ட் பக்கத்தில் நேர்ந்த இரண்டு கடுமையான பாதிப்புகளைக் கேளுங்கள். ஒருவருக்கு மயக்க மருந்தில் மூச்சு நின்றது, காப்பாற்றிவிட்டார்கள். இன்னொருவருக்கு மேசைக்கு மாற்றும்போது கை எலும்பு முறிந்தது. எலும்பு அவ்வளவு பலவீனம்! அதே ஆய்வில் சிமெண்ட் வைக்காத பக்கத்தில் இரண்டு பேருக்கு எலும்பு மேலும் நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்தியது. சும்மா இருப்பதற்கும் ஒரு விலை உண்டு.

பக்கத்து எலும்பு உடையுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சில ஆய்வுகள் கூடுகிறது என்கின்றன, சில இல்லை என்கின்றன. சிமெண்ட் இரண்டு எலும்புக்கு நடுவிலுள்ள வட்டுக்குள் கசிந்தவர்களிடம் கவனமாக இருப்பேன். எப்படியும் ஒரு முறிவு கண்டவருக்கு, சிமெண்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும், ஒரு வருடத்துக்குள் இன்னொன்று வர ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு.

வார்டு சிஸ்டர்

டாக்டர் "பிறகு எழுதுகிறேன்" என்று விட்டதை நான் சொல்லலாமா? எங்கள் வீட்டில் நடந்தது.

சித்தப்பாவுக்கு 66 வயது, முதுகு வலி. ஓர் ஊரில் எக்ஸ்ரே எடுத்து "வயசான எலும்பு, நசுங்கிவிட்டது, சிமெண்ட் வைக்கலாம்" என்று தேதியும் குறித்துவிட்டார்கள். எனக்கு ஒன்று இடித்தது. சாயந்திரமானால் உடம்பு சுடுகிறது என்றார், சட்டை காலர் தொளதொளவென்று ஆகியிருந்தது. உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொன்னேன். தொண்ணூறைத் தாண்டியது. எம்.ஆர்.ஐ.-யில் ஓர் எலும்பு மட்டும் இல்லை, நடுவிலுள்ள வட்டும் அடுத்த எலும்பும் சேர்ந்து அரித்திருந்தது, பக்கத்தில் சீழ்க்கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்ததில் டி.பி. ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டார். இப்போது வயலுக்குப் போகிறார். அந்த எலும்பில் சிமெண்டை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கதிரியல்

சிஸ்டருக்கு நன்றி. ஐரோப்பிய ஆய்வுகளைப் படித்துவிட்டு அப்படியே நம்மூரில் செய்ய முடியாததற்கு இதுதான் காரணம். அங்கே நசுங்கிய எலும்பு என்றால் முதலில் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு பலவீனமாகும் எலும்புப்புரை. இங்கே டி.பி.-யையும் அதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். கிருமித் தொற்று உள்ள எலும்பில் சிமெண்ட் வைக்கவே கூடாது. கிருமி தங்குவதற்கு நாமே இடம் கட்டிக் கொடுத்ததாகும்.

இன்னொன்று புற்றுநோய். மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் முதல் அறிகுறியே முதுகெலும்பு முறிவாக இருக்கலாம். ரத்தசோகை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருப்பது, கால்சியம் கூடியிருப்பது இருந்தால் புரத எலக்ட்ரோபோரிசிஸ் என்ற பரிசோதனை கேளுங்கள். டி5-க்கு மேலே முறிவு, எலும்பின் பின்சுவர் வெளியே உப்பியிருப்பது, பின்பக்கத் தூண் போன்ற பெடிக்கிள் அரித்திருப்பது எல்லாம் சந்தேகத்துக்குரியவை. சந்தேகம் இருந்தால் சிமெண்ட் வைக்கும் அதே ஊசி வழியாக முதலில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன்.

ஆனால் டி.பி. மாதிரி இல்லை, புற்றுநோய் முறிவுக்கு சிமெண்ட் தடை கிடையாது. 2011-இல் வந்த கேஃப் என்ற ஆய்வில் 134 புற்றுநோயாளிகளுக்குக் கைபோபிளாஸ்டியை வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டார்கள், ஒரு மாதத்தில் நடமாட்டம் தெளிவாக மேம்பட்டது. சொல்லப்போனால் இந்த முறை பிறந்ததே கட்டிக்காகத்தான். 1984-இல் பிரான்சின் அமியான் நகரில் கலிபெர், டெராமோன் என்ற இருவர் கழுத்து முள்ளெலும்பை அரித்த ரத்தக்குழாய்க் கட்டிக்கு முதன்முதலில் செய்தார்கள். எலும்புப்புரைக்கு வந்தது பின்னால்.

தஞ்சாவூரான்

இழையைத் திருப்புவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 78. எல்1 முறிந்து நாலு மாதம் ஆகிறது. "மூன்று மாதத்தில் ஆறிவிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள், வலி அப்படியே இருக்கிறது. படுத்தால் சுகம், எழுந்து நின்றால் பத்து நிமிடம்கூட நிற்க முடியாது, மடமடவென்று கூன் விழுகிறது. ஆறு வாரம் தாண்டிவிட்டதால் எங்களுக்கு ஒன்றும் இல்லையா? ஆஸ்துமாவுக்காகப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்.

கதிரியல்

இருக்கிறது. நாலு மாதம் கழித்தும் ஆறவில்லை என்றால் உள்ளே எலும்பு ஒட்டாமல் இடைவெளி விழுந்திருக்கலாம். கும்மெல் நோய் என்பார்கள், ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களிடம் கூடுதலாகப் பார்க்கிறோம். ஒரு சுலபமான சோதனை: பக்கவாட்டு எக்ஸ்ரேயை நின்றபடி ஒன்று, மல்லாந்து படுத்தபடி ஒன்று எடுங்கள். நிற்கும்போது எலும்பு சப்பையாகி, படுத்தால் உயரம் கூடி நடுவில் கறுப்பாகக் காற்று தெரிந்தால் அது ஒட்டவில்லை, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே அசைகிறது. அசைவதால்தான் வலி. கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு இருக்கிறதா என்று உடனே சொல்லுங்கள். இருந்தால் இது என் வேலை இல்லை, முதுகெலும்பு அறுவை டாக்டரிடம் போக வேண்டும்.

நாள்பட்ட வலிக்கும் 2023-இல் நெதர்லாந்திலிருந்தே வெர்டோஸ் 5 வந்தது. மூன்று மாதம் தாண்டிய, எம்.ஆர்.ஐ.-யில் இன்னும் நீர் கோத்திருந்த 80 பேர். அதில் சிமெண்ட் பக்கம் வலி கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் வெறும் காலண்டரை வைத்து ஆளைத் தள்ளிவிடக் கூடாது என்று எனக்குக் காட்டியது அது. முறிவுக்கு எத்தனை வயது என்பதைவிட ஆறியதா இல்லையா என்பதே கேள்வி.

சரவெடி

பலூன் வைத்துச் செய்வது நல்லதா, சும்மா ஊசியா? மாமனாருக்குப் பலூன்தான் வைத்தோம், ரேட் டபுள்.

கதிரியல்

வலி குறைவதில் பெரிய வித்தியாசம் காட்டப்படவில்லை. பலூனில் எலும்பின் உயரம் கொஞ்சம் திரும்பும், கசிவு குறைவு. முறிவு புதிதாக இருந்து நிறைய நசுங்கியிருந்தால் யோசிப்பேன். எல்லோருக்கும் டபுள் கொடுக்கத் தேவையில்லை.

பொன்னேரி

எம்.ஆர்.ஐ. அறிக்கை வந்துவிட்டது. டி12-இல் எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோப்பு, மேல்தட்டில் முறிவுக் கோடு, உயரம் 30 சதவீதம் குறைவு. பின்சுவர் லேசாகத் தள்ளியிருக்கிறது, தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை. வட்டு நன்றாக இருக்கிறது, சீழ் எதுவும் இல்லை. எல்3: பழைய, ஆறிய முறிவு, நீர்க்கோப்பு இல்லை.

அதாவது அந்த மருத்துவமனையில் எல்3-க்கும் சேர்த்து சிமெண்ட் வைத்திருப்பார்கள். பணமும் போயிருக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டினேன். அங்கே ஒரு இளம் டாக்டர் அம்மாவை உட்கார வைத்து முள் முள்ளாக அழுத்திப் பார்த்தார். டி12-இல் கை வைத்ததும் அம்மா "ஐயோ சாமி" என்றார், எல்3-இல் எவ்வளவு தட்டியும் ஒன்றும் இல்லை. டிரமடாலை நிறுத்தி வேறு மருந்து எழுதினார். ஆஷ் பிரேஸ் போட்டோம். "பத்து நாள் பார்ப்போம், குறையாவிட்டால் டி12-க்கு மட்டும் வைக்கலாம், இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்" என்றார்.

கணக்கு வாத்தியார்

நல்ல டாக்டர். நாள் எண்ணுங்கள், வலிக்கும் எண் போடுங்கள். காலையில் எழும்போது பத்துக்கு எவ்வளவு என்று அம்மாவையே சொல்லச் சொல்லி நோட்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் கேட்கிற உறவினரைப் பொறுத்து வலி கூடும், குறையும்.

தஞ்சாவூரான்

டாக்டர் சொன்ன இரண்டு எக்ஸ்ரேயும் எடுத்தோம். நிற்கும்போது எல்1 பாதிதான் இருக்கிறது, படுத்தால் நடுவில் கறுப்புக் கோடு. காலில் மரத்துப்போதல் எதுவும் இல்லை. சென்ற வாரம் சிமெண்ட் வைத்தார்கள், குப்புறப் படுக்க வைத்து, மரக்க வைத்து, ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது அப்பா பேப்பர் வாங்கத் தெருமுனைக்குப் போகிறார். கூன் அப்படியேதான் இருக்கிறது, அது நிமிராது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

லண்டன் வல்லை

நல்ல சேதி தம்பி. எலும்புக்கு மருந்து தொடங்கியாச்சா? மாமிக்கு சிமெண்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், எலும்பு மருந்தைப் பற்றி நாங்களும் கேட்கவில்லை. ஒன்பது மாதத்தில் மேலே இன்னொரு எலும்பு போனது.

கதிரியல்

வல்லை கேட்ட கேள்வியைச் சிவப்பு எழுத்தில் போட வேண்டும். சிமெண்ட் ஓர் எலும்பின் வலிக்கு. மீதி எலும்புகள் அதே பலவீனத்தோடுதான் இருக்கின்றன. உட்கார்ந்ததற்கே எலும்பு நசுங்கினால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் என்ன சொன்னாலும் அது எலும்புப்புரைதான், மருந்து தொடங்கலாம். வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட், வருடம் ஒருமுறை சோலெட்ரோனிக் அமில டிரிப், முறிவுகள் பல இருந்தால் டெரிபாரடைடு ஊசி என்று வழிகள் உண்டு. டெனோசுமாப் ஊசி தொடங்கினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் போட வேண்டும். பாதியில் விட்டால் எலும்புகள் வரிசையாக நசுங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

தஞ்சாவூரான் சார், அப்பாவின் ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைக்க முடியுமா, இன்ஹேலருக்கு மாற்ற முடியுமா என்று நுரையீரல் டாக்டரைக் கேளுங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது.

பொன்னேரி

வாத்தியார் சொன்னபடி நோட்டு போட்டேன். காலை எழும்போது 8, 8, 7, 7, 6, 6, 5, 5, 4, 4. அம்மா நேற்றுத் தானாகப் புரண்டு எழுந்து பல் தேய்க்கப் போனார். அரசு டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "குறைந்துகொண்டே வருகிறவர்களுக்கு நான் வைப்பதில்லை" என்றார். சிமெண்ட் வேண்டாம் என்று முடிவு. பிரேஸ் இன்னும் ஒரு மாதம்.

சரவெடி

அப்போ என் மாமனாருக்குச் செலவு தண்டமா 😅

கணக்கு வாத்தியார்

தண்டமா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது சார். எலும்பு மருந்து போடுகிறாரா, அதைச் சொல்லுங்கள்.

சரவெடி

இல்லை. கால்சியம் மாத்திரை மட்டும். கேட்கிறேன்.

பொன்னேரி

அம்மாவுக்கு வருடம் ஒருமுறை போடுகிற டிரிப் எழுதியிருக்கிறார்கள். ஒரு கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்கச் சொல்லியிருக்கிறார்கள். எது முதலில்?

கதிரியல்

பல் முதலில். பிடுங்கிய இடம் ஆறிய பிறகு டிரிப். இந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால், அரிதாகத்தான் என்றாலும், தாடை எலும்பு ஆறாமல் போகலாம். டிரிப்புக்கு முன் கிரியேட்டினின், கால்சியம், வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர், சிறுநீரகம் எப்படி என்று தெரியாமல் ஏற்றக் கூடாது. பல் டாக்டரிடம் குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பொன்னேரி

சரி டாக்டர். திங்கட்கிழமை ரத்தம் கொடுக்கிறோம், பல் டாக்டர் புதன்கிழமை. கிரியேட்டினின் வந்ததும் இங்கே போடுகிறேன்.